மீன் இல்லை, அமீன்

நான் சொன்ன பொய்களை எல்லாம் எங்கள் குடும்பம் தாராளமாக நம்பியிருக்கிறது. பரீட்சைக்கு விடிய விடியப் படித்தேன் என்றதை நம்பினார்கள். வழியில் பஸ் பிரேக்டவுன் என்றதை நம்பினார்கள். (ஒரே மாதத்தில் ஏழு முறை.) ஆனால் நான் சத்தியமாகச் சொன்ன ஒரே ஒரு பெரிய உண்மையை மட்டும் நம்புவதற்கு இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. அந்த உண்மைக்கு ஆதாரம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, புத்தகத்தில் பல்கலைக்கழக முத்திரைகூட இருக்கிறது. இருந்தும் பயனில்லை.

எட்டு வருடங்களுக்கு முன்பு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, தாவர எண்ணெயிலிருந்து மைக்ரோவேவ் சூட்டில் சர்ஃபாக்டன்ட் தயாரிப்பது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சோப்பிலும் ஷாம்பூவிலும் நுரையைக் கிளப்பி அழுக்கை இழுத்துவருகிறதே, அந்தப் பொருள்தான் சர்ஃபாக்டன்ட். ஒரு கையில் எண்ணெயையும் மறு கையில் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் சமாதானம் செய்து வைக்கும். தேங்காய் எண்ணெயோடு ‘அமீன்’ என்கிற ரசாயனத்தைச் சேர்த்து அடுப்பில் வைத்தால் மணிக்கணக்கில் ஆகும் வேலை, மைக்ரோவேவில் நிமிடக்கணக்கில் முடிந்துவிடும் என்று நிரூபிப்பது என் லட்சியம். எதையுமே நிமிடக்கணக்கில் முடிக்க நினைப்பவன் என்பதால் தலைப்பு எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

இந்த அமீனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு வாசனை உண்டு. நல்ல வெயிலில் காயப்போட்டு, திடீர் மழையில் நனைந்து, திரும்பவும் காயப்போட்ட கருவாட்டின் வாசனை. ஆய்வகத்தில் புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து வேலை செய்ததால் எனக்கு அது பெரிதாகத் தெரிந்ததே இல்லை. தவிர, நான் பிறந்து வளர்ந்தது புதுப்பட்டினம். அப்பா படகு இன்ஜின் மெக்கானிக். டீசலும் மீன் குழம்பும் பாதிக்குப் பாதி மணக்கிற வீட்டில் வளர்ந்த மூக்கை நம்பி எந்த ஆய்வும் செய்யக்கூடாது.

ஆய்வின் கடைசி மாதிரியைத் திங்கட்கிழமை வெளித்தேர்வாளரிடம் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, துறையில் இருந்த ஒரே மைக்ரோவேவில் யாரோ ஒரு புண்ணியவான் அலுமினியத் தாளோடு பப்ஸைச் சூடு பண்ணி, மத்தாப்பு காட்டி, அதன் ஆயுளை முடித்துவைத்தார். (சத்தியமாக அது நான் இல்லை. இதையும் நம்ப மாட்டீர்கள்.)

அப்போதுதான் எனக்குக் கவிதா அக்காவின் நினைவு வந்தது. பாசத்தால் அல்ல, அவள் வீட்டில் ஒரு மைக்ரோவேவ் இருந்ததால்.

அக்காவைக் கட்டிக்கொடுத்து அப்போது ஒன்றரை வருடம். மாமா ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவர். கேளம்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட். வீட்டில் அக்கா, மாமா, மாமாவின் அம்மா தனலட்சுமி அத்தை, மூன்றே பேர். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம் அது. கல்யாணச் சீரில் அப்பா ஆசையாக வாங்கிக்கொடுத்த மைக்ரோவேவ், அந்த வீட்டில் ஒருநாள்கூட வேலை செய்ததில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தோடு, பூப்போட்ட உறை மாட்டி, தலையில் ஊறுகாய் ஜாடியைச் சுமந்துகொண்டு சும்மா இருந்தது.

கல்யாணப் பந்தியில் அத்தையின் ஓரகத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். “கடலோரத்துப் பொண்ணு. மீனு இல்லாம ஒரு வேள சோறு எறங்குமா இதுக்கு?” அது அக்கா காதில் விழுந்துவிட்டது. அத்தை வீட்டில் புரட்டாசி முப்பது நாளும் கவுச்சி கிடையாது. மாதம் பிறப்பதற்கு முதல் நாளே மீன் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகைப் படையல். அந்த ஒரு வார்த்தைக்காகவே அக்கா முதல் வருடப் புரட்டாசியை முட்டையைக்கூடத் தொடாமல் முடித்துக் காட்டினாள். இரண்டாவது புரட்டாசியில் அவளுக்கு நான்காவது மாதம். மசக்கையில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. அப்போதும் விரதத்தை விடவில்லை. அந்த வீட்டில் அவள் சம்பாதித்து வைத்திருந்த நல்ல பெயர் முழுவதும் அந்தப் புரட்டாசியில்தான் இருந்தது.

அந்தப் புரட்டாசியின் மூன்றாவது சனிக்கிழமை காலையில்தான் நான் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் அமீன் பாட்டிலும் பையில் குலுங்க, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன்.

“இன்னிக்கா? டேய், அத்த கோயிலுக்குப் போயிருக்காங்க. வந்து தளிகை போடணும்டா” என்றாள் அக்கா.

“பத்து நிமிஷம்க்கா. எண்ணெய சூடு பண்ணப்போறேன், அவ்ளோதான். அவங்க வர்றதுக்குள்ள பொட்டிக்கு உறை மாட்டிட்டு நான் போயிகினே இருப்பேன்.”

“நாத்தம் கீத்தம் வராதே?”

“சோப்புக்கா! வாசனதான் வரும்” என்றேன்.

அக்காவைப் படுக்கையறைக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. மசக்கைக்காரி இருக்கிற வீட்டுக்குள் ரசாயன பாட்டிலோடு போனவனை இன்று நான் எங்கேயாவது பார்த்தால், பேச்சுவார்த்தையே கிடையாது, முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான் பேசுவேன்.

ஊறுகாய் ஜாடியை இறக்கினேன். பெட்டியின் முன்பக்கம் ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்ட ஒரு திருகி இருந்தது. கல்லூரி இயந்திரத்தில் எல்லாமே வாட்டில் இருக்கும். எதில் வைப்பது? என் ஆய்வு வழிகாட்டிக்குப் போன் போட்டேன். பாவம், அவர் மாமல்லபுரம் போகிற தனியார் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார்.

“சார், வீட்டு மைக்ரோவேவ் சார். எதுல வைக்கணும்?”

“பத்து...” என்றார். அதற்குமேல் அவர் சொன்னதை ஈ.சி.ஆர். பஸ்ஸின் ஹாரன் முழுங்கிவிட்டது. “...ல வைப்பா. அஞ்சு நிமிஷம்!”

பத்தில் வைத்தேன். ஐந்து நிமிடம்.

அவர் சொன்னது பத்து பெர்சென்ட். எண் பத்து என்பது அந்தப் பெட்டியின் முழு பலம். கன்னி கழியாத இயந்திரம் வேறு. ஒன்றரை வருடமாகச் சும்மா இருந்த வேகத்தை எல்லாம் ஒரேயடியாகக் காட்டியது.

முதல் நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடம் உள்ளே ‘களக் களக்’ என்றது. மூன்றாவது நிமிடம் கண்ணாடிக் குவளையிலிருந்து பழுப்பாக ஒன்று பொங்கி எழுந்து கதவில் மோதியது. பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். வாழ்க்கையில் நான் திறந்த கதவுகளிலேயே மோசமான கதவு அதுதான். புதுப்பட்டினம் மீன் அங்காடியில் நாள் முழுக்கச் சேர்கிற வாசனை மொத்தமும் ஆறடிக்கு ஏழடி சமையலறையில் வந்து நின்றது. சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். வீட்டுக்குள் இருந்த நாற்றத்தை அது பொறுப்பாக எடுத்துக்கொண்டு போய் மூன்று மாடிக்கும் பகிர்ந்துகொடுத்தது.

மேடையெல்லாம் வழிந்து தரையில் சொட்டியதை ஈரத்துணியால் துடைத்தேன். நுரைத்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். இன்னும் நுரைத்தது. ஆய்வகத்தில் நான்கு மாதமாகக் குலுக்கு குலுக்கென்று குலுக்கியும் விரற்கடை உயரத்துக்கு மேல் நுரைக்காத என் கண்டுபிடிப்பு, அக்கா வீட்டுத் தரையில் கணுக்கால்வரை எழுந்தது. ஆய்வு வெற்றி. அதை யாரிடம் சொல்லிக்கொள்வது?

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். மறு கையில் போன். ஃபிளாட் வாட்ஸப் குழுவில் எதிர்வீட்டு அம்மாள் எழுதியிருந்தார்: ‘இன்று புரட்டாசி சனிக்கிழமை. மூன்றாவது மாடியில் கருவாடு வறுப்பவர்கள் மற்றவர்களின் மனதையும் நினைத்துப் பார்க்கவும்.’ அதன்கீழ் வரிசையாகக் கும்பிடும் கைகள். கடைசியில் இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் மட்டும் ‘நெத்திலியா?’ என்று கேட்டிருந்தார்.

“அக்கா, இது ஒரு மாதிரி அமோனியா சம்பந்தப்பட்ட...” என்று ஆரம்பித்தேன். வாசல் மணி அடித்தது.

தனலட்சுமி அத்தை. திருவிடந்தைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, கையில் துளசியும் நெற்றியில் திருமண்ணுமாக நின்றார்கள். மூக்கு ஒருமுறை விடைத்தது. உள்ளே வந்து சமையலறை வாசலில் நின்று பார்த்தார்கள். நுரைக்கு நடுவே முட்டிபோட்டுக்கொண்டு நான். சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய அக்கா. வாந்தியை அடக்கத்தான் அவள் வாயைப் பொத்தியிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். ஆனால் பார்க்கிறவர்களுக்கு, மென்றுகொண்டிருந்ததை மறைக்கிறவள் மாதிரித்தான் இருந்தது.

“யாரு வறுத்தது?” என்றார்கள் அத்தை.

“வறுக்கல அத்த. மைக்ரோவேவ்ல வச்சேன்.” (உலகத்திலேயே இதைவிட மோசமாக ஒரு பதில் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டேன்.)

“இன்னாத்த வச்ச?”

“எண்ண வச்சேன். அப்புறம் அமீன்.”

“மீனு.”

“மீன் இல்ல அத்த. அமீன்.”

“அதான் தம்பி, நானும் அதத்தான் சொல்றேன். மீனு.”

“ஐயோ, அது வேற அத்த! எண்ணயில அமீன போட்டா சோப்பு மாதிரி வரும். காலேஜுக்கு. தோ பாருங்க, நொர!”

அத்தை நுரையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அக்காவை ரொம்ப நேரம் பார்த்தார்கள். (நீதி இல்லாதது அநீதி என்றால், மீன் இல்லாததுதான் அமீன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். இந்த வாதம் எனக்குத் தோன்ற ஐந்து வருடம் ஆயிற்று.) பிறகு துளசியைப் பெருமாள் படத்துக்குக் கீழே வைத்தார்கள். பூஜை அலமாரியின் கதவைச் சாத்தினார்கள். கூடையை எடுத்துக்கொண்டு, “வந்துடறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

அக்கா சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“எங்க போறாங்கன்னு நெனைக்கிற? ரெண்டு தெரு தள்ளி அந்த ஓரகத்தி வூடு கீது. ‘நீ சொன்னது சரிதான்டி, கடலோரத்துப் பொண்ணு புத்தியக் காட்டிட்டா’ன்னு சொல்லப் போறாங்க. ரெண்டு புரட்டாசியா வாயக் கட்டி வச்சிருந்தேன்டா. எல்லாத்தையும் பத்து நிமிஷத்துல கவுத்துட்டியே.”

ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, அவளை பால்கனியில் காற்றாட உட்கார வைத்துவிட்டு, தரையைக் கழுவினேன். கழுவக் கழுவ நுரைத்தது. அந்த நுரை மட்டும் எனக்கு நம்பிக்கைத் துரோகமே செய்யவில்லை. அத்தையின் காலில் விழுவது என்று முடிவு செய்தேன். எப்படி விழுவது என்று மனதுக்குள் இரண்டு தடவை ஒத்திகைகூடப் பார்த்தேன். என்னால் தேர்வில் தோற்க முடியும், பழக்கம் இருக்கிறது. என்னால் அக்கா தோற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒன்றரை மணிக்கு அத்தை திரும்பி வந்தார்கள். முகமெல்லாம் வேர்வை. கூடையில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா.

“கவிதா, எழுந்து மாடிக்கி வா. தம்பி, நீயும் வா. அந்தப் பாய எடுத்துக்கோ.”

மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்கின் நிழலில் பாயை விரிக்கச் சொன்னார்கள். டப்பாவைத் திறந்தார்கள். மேல் தட்டில் சுடுசோறு. கீழே வாளைக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டது.

“கோவளத்துல நம்ம ஸ்டெல்லா கீதே, என்கூட பஸ்ல வரும், அது வூட்ல செய்யச் சொல்லி வாங்கினு வந்தேன். நம்ம வூட்டு அடுப்புல ஏத்தல. அதனால ஒண்ணும் இல்ல. துன்னு.”

அக்கா பாயில் உட்காரவில்லை.

“ஏம்மா, ஆசையா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? திருட்டுத்தனமா தம்பிய வுட்டு வாங்கியாரச் சொல்லி, அந்தப் பொட்டிக்குள்ள வச்சி... மாசமா இருக்கறவ ஆசப்பட்டத அடக்கினா புள்ளைக்குக் காதுல சீழு வெக்கும். தெரியாதா ஒனக்கு?”

“அத்த, பெருமாளுக்குத் தளிகை...” என்றாள் அக்கா.

“பெருமாளு கொஞ்ச நேரம் காத்துகினு இருப்பாரு. வவுத்துல கீறது காத்துகினு இருக்காது. ஒக்காரு.”

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். இப்போது அவள் நிமிர்ந்து நின்று, நான் விரதம் கெடுக்கவில்லை, இது இவன் பண்ணிய கூத்து என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். உண்மை நிலைநாட்டப்படும் தருணம்.

அக்கா டப்பாவைப் பார்த்தாள். சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள்.

“அக்கா, சொல்லுக்கா” என்றேன்.

“சும்மா இருடா” என்றாள், வாய் நிறைய.

இரண்டு வாரமாகத் தண்ணீர் தங்காத வயிற்றில் அந்தச் சோறு முழுவதும் தங்கியது. அத்தை கொஞ்சம் தள்ளி, முகத்தை மறுபக்கம் திருப்பி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கோ” என்று மட்டும் அவ்வப்போது திரும்பாமலேயே சொன்னார்கள். பிறகு என் பக்கம் வந்தது பேச்சு.

“தம்பி, அக்காவ வுட்டுக் குடுக்காம நின்ன பாரு, அது எனக்குப் புடிச்சிது. ஆனா பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பா. எண்ணயில சோப்பு வருமாம், அதுல கருவாட்டு நாத்தம் வருமாம். இன்னா படிப்பு படிக்கிற நீ?”

கீழே இறங்கும்போது படிக்கட்டில் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நெசமாவே ரெண்டு வாரமா கருவாடுதான்டா ஞாபகம். கனவுலகூட கொழம்பு கொதிக்குது. யார்ட்ட கேப்பேன்? கேட்டா அந்தப் பேச்சு மெய்யாயிடும்ல? நீ பொட்டியத் தொறந்து அந்த நாத்தம் வந்துதே, எல்லாருக்கும் கொமட்டிச்சி. எனக்கு அழுகையா வந்துது.” அப்போதும் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும்தான். நான் அதை அமீனின் எரிச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

குவளையின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் திங்கட்கிழமை கொண்டுபோனேன். நிறம் ஏன் இவ்வளவு கருப்பு என்று வெளித்தேர்வாளர் கேட்டார். தண்ணீரில் போட்டுக் குலுக்கிக் காட்டினேன். நுரைத்த நுரையைப் பார்த்து மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டார். சார் மட்டும், “பத்து பெர்சென்ட்னுதானேய்யா சொன்னேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஓரகத்தி வீட்டுக்கு அப்போது இந்தச் செய்தி போகவே இல்லை. எதிர்வீட்டு அம்மாளிடம் அத்தை, “எலி செத்துக் கெடந்துதும்மா, எடுத்துப் போட்டாச்சு” என்று சொல்லிவிட்டார்களாம். பொருந்தச் சொல்வது என்றால் அப்படிச் சொல்ல வேண்டும்.

யாழினி பிறந்தாள். திருப்போரூர் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் மடி என் மடி. குழந்தை வீரிட்டு அழுது ஓய்ந்ததும் அத்தை இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “சீழு கீழு ஒண்ணும் இல்ல. முத்து மாதிரி கீது. எல்லாம் அன்னிக்கி துன்ன கருவாடு” என்று, அதுவரை மூடி வைத்திருந்ததை அவர்களே பெருமையாகச் சபையறியச் சொன்னார்கள்.

இதற்குமேல் பொறுப்பதில்லை என்று, அதற்காகவே கொண்டுபோயிருந்த என் ஆய்வேட்டைப் பையிலிருந்து எடுத்தேன். கருநீல அட்டை, தங்க எழுத்து. “அத்த, இதப் படிச்சுப் பாருங்க. எண்ண, அமீன், மைக்ரோவேவ், நொர, எல்லாம் எழுதியிருக்கு. முத்திர குத்தியிருக்கு.”

அத்தை அட்டையைத் தடவிப் பார்த்தார்கள். நாலைந்து பக்கம் புரட்டினார்கள். அவர்கள் கண் கலங்கிவிட்டது.

“இன்னா பாசம் பாரு!” என்று சுற்றி இருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னார்கள். “அக்கா மானத்தக் காப்பாத்த பொஸ்தகமே போட்டுட்டான்!”

அன்றோடு நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன். இப்போது நானே ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். கரும்பலகையில் அமீன் என்று எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கும். யாழினி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். என்னைக் கருவாட்டு மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். மைக்ரோவேவ் திரும்பவும் உறை மாட்டி, ஊறுகாய் ஜாடியோடு இருக்கிறது. கதவைத் திறந்தால் இன்னும் லேசாக மணக்கும்.

போன புரட்டாசியில் அத்தை போன் செய்தார்கள்.

“தம்பி, சனிக்கெழம வரியா? வரும்போது புதுப்பட்டினத்துலேர்ந்து அத நல்லதா பாத்து வாங்கினு வா. ஸ்டெல்லாகிட்ட சொல்லிட்டேன். மாடியிலதான். கவிதா வாயத் தொறந்து கேக்காது, நாமதான் தெரிஞ்சிக்கணும்.”

“எத அத்த? கருவாடா?”

“உஷ்!” என்றார்கள். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள் போலிருக்கிறது, குரல் அப்படித் தணிந்தது. “புரட்டாசில அந்தப் பேரச் சொல்லாத. பெருமாளு கேட்டுகினு கீறாரு. அமீனு.”